உம்மாவின் இரத்தமும் நான் சொன்ன பதிலும்

வாசகரே, முதலில் உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்டுக்கொண்டிருங்கள். எந்த இடத்தில் என் வாக்கியம் அளவுக்கு மீறி அழகாக வருகிறதோ, அந்த இடத்தில் என்னை நம்பாதீர்கள். பாடசாலை விவாத அணியில் ஐந்து வருடங்களும் பல்கலைக்கழக அணியில் இரண்டு வருடங்களும் நின்றவன் நான். கையில் சான்று குறையும்போது சொல்லால் அந்தக் குறையை மூடுவது எனக்குப் பழகிய வேலை. கல்முனையில் எங்கள் வீட்டில் நடந்த இந்த விடயத்தில் அந்த வேலையை எத்தனை தடவை செய்தேன் என்பதை நீங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் உம்மாவின் இதயத்தில் ஒரு செயற்கை வால்வு இருக்கிறது. நான் ஒன்பதாம் ஆண்டு படித்தபோது கொழும்பில் பொருத்தினார்கள். சந்தடியில்லாத அறையில் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தால் அதன் சத்தம் கேட்கும், மலிவான கைக்கடிகாரம் ஒன்று துணிக்குள் சுற்றி வைக்கப்பட்டிருப்பதைப் போல. அந்நியமான பொருள் ஒன்றைக் கண்டால் இரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும். உறைந்த கட்டி வால்வை அடைக்கலாம், பிரிந்து மூளைக்கும் போகலாம். ஆகவே உம்மா நாள்தோறும் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாபரின் மாத்திரை குடிப்பார். மாத்திரை மிஞ்சினால் இரத்தம் கசியும், போதாவிட்டால் உறையும். நடுவில் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்ல ஐ.என்.ஆர். என்றொரு இரத்தப் பரிசோதனை உண்டு. உம்மாவுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். எட்டு வருடங்கள் அது மூன்றை ஒட்டியே நின்றது. உம்மாவின் கிளினிக் கொப்பியை மற்ற நோயாளிகளுக்குப் பிரித்துக் காட்டலாம் என்று தாதியர் சொல்லும் அளவுக்கு ஒழுங்கான எண்கள்.

பிறகு வாப்பா மௌத்தானார். அடக்கிய மூன்றாவது கிழமையில், பதினெட்டாம் நாள், அந்த எண் இரண்டு புள்ளி ஒன்றுக்கு இறங்கியது.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வீடு பெண்பிள்ளைக்கு. என் அக்காவான ராத்தாவின் கலியாணத்தோடு வீடு அவருடையதாயிற்று. அவருடைய கணவர், என் மச்சான், மருதமுனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். வாப்பா, உம்மா, நான் ஆகிய மூவரும் பின்பக்கத்து இரண்டு அறைகளுக்கு மாறினோம். மச்சான் நெல் ஆலை ஒன்றில் மெசின் பார்ப்பவர். பகல் முழுக்க அந்த இரைச்சலுக்குள் நிற்பதாலோ என்னவோ, வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். பேச்சையே தொழிலாகப் பழகியவனுக்குப் பேசாத மனிதரை நம்புவது கடினம். அவர் எதையோ உள்ளே வைத்திருக்கிறார் என்றே எனக்கு எப்போதும் படும்.

வாப்பா இருந்தவரை உம்மாவுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர் வாப்பாதான். அவரை அடக்கிய மூன்றாம் நாளிலிருந்து அந்த வேலையை மச்சான் எடுத்துக்கொண்டார். எவரும் அவரைக் கேட்கவில்லை. மாத்திரைப் பெட்டி தானாகவே அவருடைய அலுமாரித் தட்டுக்குப் போனது. இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் குறித்து வைத்தேன்.

உம்மா இத்தாவில் அமர்ந்திருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் அது. மருந்துக்காக வெளியே போவதை மார்க்கம் தடுக்கவில்லை. பள்ளிவாசல் மௌலவியிடம் நானே கேட்டு வந்து சொன்னேன். உம்மா அசையவில்லை.

"ஆகும் எண்டு எனக்கும் தெரியும் மனே. ஆனா வெள்ளைய உடுத்துக்கிட்டு, ஊர்ச்சனத்துக்கு நடுவுல, அந்த ஆஸ்பத்திரி வாங்குல போய் இரிக்க எனக்கு ஏலா. நீ போய்க் கதைச்சிட்டு வா. உனக்குத்தான் கதைக்கத் தெரியுமே."

இரத்தம் எடுக்க ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வருவார். அறிக்கையையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நான் கிளினிக்குக்குப் போவேன். இவ்விதமாக நான் உம்மாவின் வாயானேன். அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

கிளினிக்கில் இருந்தவர் மட்டக்களப்புப் பக்கத்து இளம் டொக்டர். எண்ணைப் பார்த்தார், பழைய பக்கங்களைப் புரட்டினார், பேனையைக் கீழே வைத்தார்.

"அம்மாட சாப்பாட்டில ஏதும் மாற்றமிருக்கா தம்பி? கீரை, இலைவகை கூடினதா?"

"எங்கட வீட்டுல இலைக்கறியே ஆக்கிறதில்ல டொக்டர். வாப்பாவுக்கு ஆகாது. மீன், பருப்பு, இறைச்சி, அவ்வளவுதான்."

"நான் அம்மாட சாப்பாட்டத்தான் கேட்டன்."

"வீடு ஒண்டு, அடுப்பு ஒண்டு, டொக்டர்."

சுருக்கமான, திருப்பிக் கேட்க முடியாத பதில். சொல்லும்போதே அதன் நயம் எனக்குத் தெரிந்தது. டொக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, உணவில் மாற்றமில்லை என்று கொப்பியில் எழுதினார். மாத்திரையைச் சற்றுக் கூட்டினார். கூடவே ஒரு துண்டுக் கடதாசியும் தந்தார். இலைவகைகளில் விற்றமின் கே இருக்கிறது, அது இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்று தொடங்கி, வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, அகத்தி என்று ஒரு பட்டியல் அதில் இருந்தது. பஸ்ஸில் வரும்போது அந்தப் பந்தியைப் பேனையால் குறுக்கே வெட்டினேன். நமக்குப் பொருந்தாத வாதத்தை ஆரம்பத்திலேயே தள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் அணியின் பயிற்சி. கடதாசியை என் கோப்புக்குள் வைத்தேன். வீட்டில் எவருக்கும் காட்டவில்லை.

இரண்டு கிழமையில், மாத்திரை கூட்டியிருந்தும், எண் ஒன்று புள்ளி எட்டுக்கு இறங்கியது.

"மாத்திரை ஒழுங்காப் போகுதா?" என்று டொக்டர் கேட்டார். "ஆரு எடுத்துக் குடுக்கிறது?"

"மச்சான்."

"ஒருக்காக் கவனிச்சுப் பாருங்க."

அவர் சாதாரணமாகச் சொன்ன சொல் அது. எனக்கு அது ஆணையாகப் பட்டது.

நான் ஒழுங்குமுறையாகவே சந்தேகப்பட்டேன். முதலில் ஆய்வுகூடம். உம்மாவின் இரத்தத்தை ஒரே காலையில் இரண்டு குழாய்களில் எடுப்பித்து, ஒன்றைப் பட்டணத்தின் மறுபக்கத்திலிருந்த வேறோர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். இரண்டும் ஒரே எண்ணையே காட்டின. அடுத்து மாத்திரை. பெட்டியின் நிறம் மாறியிருப்பதைக் கண்டு பார்மசிக்குப் போனேன். கடைக்காரர் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மருந்து அதேதான் தம்பி. சட்டைய மாத்தினா ஆள் மாறுமா?" என்று சிரித்தார்.

மிஞ்சியவர் மச்சான். அவரை மூன்று நாட்கள் கவனித்தேன். மாலையில் தண்ணீர்க் கோப்பையோடு வருவார். மாத்திரையை உம்மாவின் உள்ளங்கையில் வைப்பார். உம்மா விழுங்குமுன்னரே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஏன் திருப்ப வேண்டும்? வாப்பா மௌத்தாவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர், பின்பக்கத்து அறைகளை அவர் அளவு நாடாவால் அளந்துகொண்டிருந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது. ஏன் அளக்க வேண்டும்? அவர் ஆலைக்குப் போயிருந்த நேரம் பெட்டியைத் திறந்து மாத்திரைகளை எண்ணினேன். எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகாமல் சரியாக இருந்தது. நிம்மதி அடைந்திருக்க வேண்டியவன், கெட்டிக்காரனுடைய கணக்கு இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

அதற்குள் வாப்பாவின் நாற்பதாம் நாள் கத்தம், அவர் பெயரில் குர்ஆன் ஓதிச் சோறு கொடுக்கும் நாள், வந்தது. ஆண்கள் நால்வர் நால்வராகச் சஹன் தட்டுகளைச் சுற்றியிருந்து சாப்பிட்டு முடித்து, கை கழுவத் தண்ணீர் வருமட்டும் பேசிக்கொண்டிருந்த நேரம். உம்மாவின் தம்பியான என் மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ராத்தாட ரத்தம் இப்ப எப்பிடி? இறங்கிக்கிட்டே போகுதாமே?"

இருந்தபடியே ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து நின்றேன். உம்மாவின் எண்களைத் தேதிவாரியாகச் சொன்னேன். ஆய்வுகூடத்தைச் சோதித்ததையும் மருந்தைச் சோதித்ததையும் சொன்னேன். ஒவ்வொரு வாசலாக மூடிக்கொண்டு வந்து, கடைசி வாசலில் நின்றேன்.

"பெட்டியில மாத்திரை குறையிது. அதுல குறையில்ல. ஆனா குறையிற மாத்திரை உம்மாட வயித்துக்குள்ளதான் போகுது எண்டதுக்கு ஆர் சாட்சி?"

மச்சான் சஹனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"தம்பி, நீ என்னத்தச் சொல்ல வாறாய்?"

"நீங்க பொறுப்பெடுத்த பிறகுதான் இறங்கத் தொடங்கின எண்டு சொல்றன். அதுக்கு முன்னமே எங்கட ரூமையும் அளந்து வச்சிரிக்கீங்க."

மச்சானின் நானா, அதாவது அவருடைய மூத்த சகோதரர், பாதி எழுந்துவிட்டார். "டேய், அவன்ட ஊட்டுல இருந்து அவன் ஆக்கின சோத்தத் திண்டுக்கிட்டு அவனையே கேக்கிறியா?"

மச்சான் அவருடைய தோளைத் தொட்டு இருத்தினார். கையைக் கழுவினார். சுவரில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்தார். மோட்டார் சைக்கிளின் சத்தம் மருதமுனைப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை ஒருவர் மனைவியின் வீட்டை விட்டுத் தாய்வீட்டுக்குப் படுக்கப் போவது சிறிய செய்தியல்ல. அடுத்த நாள் காலை மீன் சந்தையில் அது வந்துவிடும். வந்தது.

அந்தச் சத்தம் ஓய்ந்ததும், பெண்கள் இருந்த திரைக்குப் பின்னாலிருந்து ராத்தா வெளியே வந்தார். அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்த ரூம அவர் அளந்தது உம்மாக்கு கொமட் வைக்கத்தாண்டா. குந்தி எழும்ப உம்மாக்கு மூச்சு வாங்குது எண்டு. உனக்கு ஒண்ணும் தெரியா. ஒண்ணும் தெரியாம எப்பிடித்தான் இவ்வளவு கதைக்கிறியோ!"

அன்று முதல் மாத்திரை என் கைக்கு வந்தது. நாக்கின் மேல் நானே வைத்தேன். உம்மா விழுங்கிய பின் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கின் அடியையும் பார்த்தேன். "களவெடுத்தவள மாதிரிப் பாக்கிறாய்" என்று உம்மா ஒரு நாள் சொன்னார். என் வாதம் நிரூபணமாகும் நாளுக்காகக் காத்திருந்தேன். இரண்டு கிழமை கழிந்தது. எண் ஒன்று புள்ளி ஆறு.

டொக்டர் அறிக்கையை நெடுநேரம் பார்த்தார்.

"இப்ப ஆரு குடுக்கிறது?"

"நான்."

"அப்ப இனி ஆரைச் சந்தேகப்படப் போறீங்க?"

அவர் குரலைத் தணித்து, உம்மாவின் வால்வுக்கு இந்த எண் ஆபத்தானது, இரண்டு நாளைக்குள் உம்மாவை நேரில் பார்க்க வேண்டும், ஊசியும் போட வேண்டிவரும் என்றார். "இத்தாவ நான் மதிக்கிறன் தம்பி. ஆனா உங்களோட கதைச்சு உங்கட அம்மாக்கு வைத்தியம் பாக்க எனக்கு இனி ஏலாது."

நேராக வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் பொது நூலகத்துக்குப் போனேன். விவாதத்துக்குத் தயாராவதைப் போலக் குறிப்பெடுத்தேன். நான் வெட்டிய பந்தியிலிருந்த விற்றமின் கே இப்போது எதிராளி, அதன் பெயரிலேயே எனக்குச் சந்தேகம். ஏ, பி, சி, டி, ஈ என்று வரிசையில் வந்த விற்றமின்கள், இடையிலுள்ள எழுத்துகளைத் தாண்டிக் கே என்பதற்குப் போனது ஏன்? இரத்தம் உறைவதைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் ஒன்றின் முதலெழுத்தாம் அது. நம்முடைய ஈரல், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் சிலவற்றை அரைகுறையாகவே செய்கிறது. விற்றமின் கே வந்து கடைசிக் கைவேலையைச் செய்த பின்னரே அவை கல்சியத்தைப் பற்றிப்பிடித்து வேலையில் இறங்கும். எலும்பிலுள்ள சில புரதங்களுக்கும் அதே கைவேலை வேண்டும். ஒரு தடவை வேலை செய்த விற்றமினை உடல் புதுப்பித்துத் திரும்பப் பயன்படுத்துகிறது. வாபரின் அந்தப் புதுப்பித்தலைத்தான் தடுக்கிறது. உடலில் இதன் சேமிப்பு மிகக் குறைவு. ஆகவே நாளாந்த உணவு பெரிதும் முக்கியம். பிறந்த குழந்தைகளிடம் அது போதாமல் இருப்பதால் முதல் நாளே ஊசியாகக் கொடுக்கிறார்கள். கொழுப்போடு சேர்த்துச் சாப்பிட்டால் உடல் அதை நன்றாக ஏற்கும்.

எல்லாக் குறிப்புகளும் ஒரே திசையைக் காட்டின. மாத்திரை உள்ளே போகிறது, எண் இறங்குகிறது என்றால், எங்கிருந்தோ விற்றமின் கே வந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குள் எப்படி வரும்? வீடு ஒன்று, அடுப்பு ஒன்று என்று சொன்னவன் நான்.

வழக்கமாக மாலையில்தான் வீடு சேர்வேன். அன்று நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன்னரே போய்விட்டேன். முன்கதவு பூட்டியிருந்ததால் பின்பக்கமாகச் சுற்றினேன். பின்மதிலுக்கு அந்தப் பக்கம் உம்மாவின் தங்கையின், அதாவது என் சாச்சியின், வீடு. மதிலின் ஓரத்து இடைவெளியில் சாச்சி நின்றார். அவருடைய கையிலிருந்து உம்மாவின் கைக்கு, மூடி போட்ட ஒரு கோப்பை மாறிக்கொண்டிருந்தது.

"ராத்தா, உள்ளுக்குப் போங்க! மகன் வாறான்!"

உம்மா கோப்பையை முந்தானைக்குள் இழுத்தார். நான் கையை நீட்டினேன்.

"என்ன சாச்சி அது?"

"ஒண்ணுமில்ல மனே. சும்மா."

"சும்மாக்கு எதுக்கு மூடி?"

"இலையான் மொய்க்கும் எண்டு."

மூடியைத் திறந்தேன். மெல்லியதாக அரிந்த வல்லாரை, வெங்காயம், பச்சைமிளகாய், தாராளமாகத் தேங்காய்ப்பூ. சுண்டல். அதன் அடியில் இன்னொரு சிறிய கிண்ணத்தில் தேங்காய்ப்பால் விட்ட அகத்தி. கொழுப்போடு சேர்த்தால் உடல் நன்றாக ஏற்கும் என்று ஒரு மணித்தியாலத்துக்கு முன் நானே எழுதியிருந்தேன்.

"எவ்வளவு நாளா இது?"

"ரெண்டு கிழமைதான்," என்றார் சாச்சி.

"பொய் சொல்லாதகா," என்றார் உம்மா. "ரெண்டு மாசமாகப் போகுது மனே."

"பகல் மட்டுந்தான்," என்றார் சாச்சி அவசரமாக. "காலையில இலைக்கஞ்சி குடுக்கிறது நான் இல்ல. அது றோட்டுக்கு அங்கால, முன்னூட்டு மாமி."

உம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

சாச்சி நழுவிப் போன பின்னர், உம்மா குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சேலையில் அவருடைய முகம் சிறுத்துத் தெரிந்தது.

"நான் எங்கட உம்மாட ஊட்டுல இலை திண்டே வளந்தவள். கலியாணம் முடிச்சு முதல் கிழம பொன்னாங்காணி சுண்டி வச்சன். உங்கட வாப்பா பீங்கானத் தள்ளி வச்சிட்டு, 'ஆட்டுக்குப் போட வேண்டியத எனக்குப் போட்டிரிக்காய்' எண்டாரு. சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னாரு. நல்ல மனுசன். ஆனா அதுக்குப் பொறகு நான் ஆக்கல்ல. எனக்கு மட்டும் தனியா ஒரு கறி ஆக்க மனசு வரல்ல. அவர் போன பொறகு சாச்சி ஒரு நாள் கொண்டு வந்தா. திண்டன். நிப்பாட்ட ஏலாமப் போயிட்டு."

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"என்னெண்டு சொல்ற? மாப்பிள மௌத்தாகி நாப்பது நாள் போகல்ல, இவ வாய்க்கு ருசியாத் தேடித் திங்கிறா எண்டு சனம் சொல்லாதா? நீயும் உங்க வாப்பாட புள்ளதானே. இலையக் கண்டா நீயும் மூக்கச் சுளிப்பாய். இலை ரத்தத்துக்கு நல்லம் எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க, இதால என்ன வரப்போகுது எண்டு இரிந்திட்டன்."

எட்டு வருடங்களாக டொக்டர்கள் உம்மாவுக்கென்று கணித்த மாத்திரை அளவு, உண்மையில் வாப்பாவின் நாக்குக்கு ஏற்ற அளவு. வாப்பா தள்ளி வைத்த பீங்கானின் மேல் நின்றுதான் அந்த எண் மூன்றை ஒட்டி அசையாமல் இருந்தது. அவர் போனார், உம்மா தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டார், மச்சான் ஒவ்வொரு நாளும் கொடுத்த மாத்திரை அதன் முன்னால் தோற்றது. இதைக் கண்டுபிடித்த பெருமையில்கூட எனக்கு ஒரு வாக்கியம் வந்தது. "இந்த நிமிசத்திலிருந்து ஒரு இலைகூட இந்த வாசலுக்குள்ள வரக்கூடாது" என்று உத்தரவிட்டேன். உம்மா கோப்பையை மூடினார்.

அடுத்த நாள் காலை, வெள்ளைச் சேலைக்கு மேல் கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு, சாச்சியின் துணையோடு உம்மா கிளினிக்குக்கு வந்தார். "ரத்தம் கெட்டுப் போகுதெண்டா வெக்கத்தப் பாத்து என்ன செய்ற" என்று ஓட்டோவில் ஏறும்போது சொன்னார். டொக்டர் என்னைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார். உள்ளே உம்மாவின் குரல் கேட்டது. காலையில் என்ன, பகலில் என்ன, கைப்பிடியில் எவ்வளவு என்று தடுமாறாமல் சொல்லிக்கொண்டு போனார். நான் ஒரு முறையும் அவரிடம் கேட்டிராத கேள்விகள் அவை.

"இதை மகன் சொல்லல்லையே அம்மா?"

"அவன் நல்லாக் கதைப்பான் டொக்டர். அவன் கதைச்சா மத்த ஆக்களுக்கு எடமிரிக்காது."

பிறகு டொக்டர் என்னையும் உள்ளே அழைத்தார். இலையை முற்றாக நிறுத்து என்று நான் இட்ட உத்தரவைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"மாத்திரையைக் கூட்டி வச்சிருக்கிறன். இப்ப திடீரெண்டு இலையை நிப்பாட்டினா எண் மேல பாயும், ரத்தம் கசியத் தொடங்கும். கே எங்கட எதிரியில்ல தம்பி, அது இல்லாம ஒருத்தரும் உயிரோட இருக்க ஏலாது. அம்மா விருப்பமானதைச் சாப்பிடட்டும். ஆனா ஒவ்வொரு நாளும் ஒரே அளவு. ஒரு நாளைக்கு ஒரு கோப்பை, மற்ற நாள் ஒண்டுமில்லை எண்டு வரக்கூடாது. அந்த அளவுக்கு மாத்திரையைப் பொருத்துறது என்ட வேலை."

உம்மாவுக்குச் சில நாட்கள் வயிற்றுத் தோலில் ஊசி போட்டார்கள். காலைக் கஞ்சி நின்றது. பகலில் ஒரு சிறு கோப்பைச் சுண்டல் மட்டும் என்று உம்மாவும் டொக்டரும் ஒத்துக்கொண்டார்கள். பத்து நாட்களின் பின்னர் எண் இரண்டு புள்ளி ஏழில் நின்றது.

மச்சான் இன்னும் வரவில்லை. ராத்தா அழைத்தும் வரவில்லை. "கூப்பிட வேண்டியவன் கூப்பிடட்டும்" என்றாராம். அந்தப் பத்து நாட்களும் நான் மருதமுனைக்குப் போகாமல் இருந்ததற்கு இங்கே எந்தக் காரணத்தையும் சோடிக்கப் போவதில்லை. எண் சரியான அன்று மாலை போனேன்.

அவருடைய தாயார், எங்களுக்கு மாமி, வாசலில் நின்றார்.

"வாங்க பேச்சாளர். கதிர மட்டும் போதுமா, மேசையும் மைக்கும் வேணுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மச்சான் வீட்டைச் சுற்றிய வளவுக்குள் தண்ணீர் மோட்டரைக் கழற்றிப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை. ஆனால் முதலில் பேசியவர் அவர்தான்.

"உம்மாக்கு எப்பிடி?"

"ரெண்டு புள்ளி ஏழு."

"அல்ஹம்துலில்லாஹ்." முறுக்காணியைக் கீழே வைத்தார். "என்னவாம் காரணம்?"

"இலைக்கறி மச்சான். சாச்சி களவாக் கொண்டுவந்து குடுத்திரிக்கா. அதுல இரிக்கிற சத்து மாத்திரைய வேலை செய்ய விடல்லையாம்."

அவருடைய முகம் மாறியது. கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைக்கத் தொடங்கினார், துடைத்து முடிந்த பின்னரும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த இலைய வாங்கினது நான்தான் தம்பி."

"நீங்களா?"

"ஆலைக்குப் போகக்குள்ள பாண்டிருப்புச் சந்தியில ஒரு அம்மா கட்டுக்கட்டா வச்சிரிப்பா. வாங்கி வந்து சாச்சிக்கிட்டக் குடுப்பன், இங்க வந்த பொறகும் நிப்பாட்டல்ல. உம்மா எனக்கிட்டத்தான் ஆசையச் சொன்னா. ஆருக்கும் சொல்லாதீங்க எண்டா. நான் சொல்லல்ல." துணியை மடித்து வைத்தார். "மாத்திரையோட சேராது எண்டு எனக்குத் தெரியாதே. ஆரும் சொல்லல்லையே. அப்ப அண்டைக்கு நீ சொன்னது சரிதான். நான் பொறுப்பெடுத்த பொறகுதான் இறங்கினது."

வாசகரே, இங்கே சற்று நெருங்கி நில்லுங்கள். அந்தக் கணத்தில் விவாதம் முழுவதும் என் பக்கம் சாய்ந்தது. கத்தத்தில் நான் சொன்னதை அவரே தன் வாயால் ஒப்புக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வரி. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வெற்றியோடு திரும்பியிருக்கலாம். அந்த வரி என் நாக்கு நுனி வரை வந்தது என்பதையும் சாட்சியில் பதிவு செய்துகொள்ளுங்கள். உம்மா தன் ஆசையைப் பெற்ற மகனிடம் சொல்லாமல், பேசாத மருமகனிடம் சொல்லியிருக்கிறார். அவர் அதைக் கேட்டிருக்கிறார், வாங்கிக் கொடுத்திருக்கிறார், நாற்பது பேருக்கு முன் குற்றம் சாட்டப்பட்டபோதும் உம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக வாய் திறக்காமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விடயம், என் கோப்புக்குள், என் பேனையால் வெட்டப்பட்டுக் கிடந்தது.

"கடதாசி எனக்கிட்ட இரிந்திச்சி மச்சான்," என்றேன். "டொக்டர் தந்த. இலைக்கறியப் பத்தி அதுல இரிந்திச்சி. நான்தான் வெட்டிப் போட்டன். ஒருத்தருக்கும் காட்டல்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்ததா, இல்லையா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. அந்த முகத்தை வாசிக்க நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

"சரி, விடு," என்றார். "ஒரு மனிசன் பிழை உடுறதுதான்."

"விட ஏலா," என்றார் வாசலிலிருந்து மாமி. "நாப்பது பேருக்கு முன்னால சொன்னத வளவுக்குள்ள வந்து மெதுவாச் சொன்னாச் சரியாகிருமா? எங்கட மகன் ஆலைக்குப் போகக்குள்ள சனம் பாக்கிற பார்வைய நீ கண்டியா?"

பக்கத்து வளவில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னேன்:

"மச்சான், வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆக்குப் பிறகு, கத்தத்துக்கு வந்த அவ்வளவு பேரையும் நானே ஊடு ஊடாப் போய்க் கூப்பிடுவன். நீங்க ஒண்ணும் கதைக்கத் தேவல்ல, பக்கத்துல இரிந்தாப் போதும். உங்களப் பத்தி நான் சொன்னது பொய் எண்டு சொல்லுவன். டொக்டர் கேட்ட கேள்விக்கு உம்மாவக் கேக்காமப் பதில் சொன்னது நான், கடதாசிய வெட்டினது நான், உம்மாட ஆசைய விளங்கி நடந்தது நீங்க எண்டு சொல்லுவன். இனி உம்மாவப் பத்தி ஆர் என்ன கேட்டாலும், 'கொஞ்சம் இரிங்க, உம்மாக்கிட்டக் கேட்டுட்டு வாறன்' எண்டுதான் சொல்லுவன்."